இடக்காலுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்

நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. இதைச் சொன்னால் ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை; அதற்காக நான் சிரித்ததில்லை.

உட்காருங்கள், தம்பிமுத்து ஐயா. பலகை ஈரம், கைக்குட்டையை விரித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு இந்தத் திடலுக்கு யாரும் வர மாட்டார்கள், பேச வசதி. நீங்கள் ஆலைக் கிளப்புக்குச் செயலாளராக வந்ததும் முதல் காரியமாக, ஆள் பிடிக்கும் சன்னாசியண்ணனை நிறுத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காரணம் பத்துமலை. கிளப்புக்குக் கிடைத்த முதல் முறையை ஒரு நொண்டிக்காக வீணாக்கியவர் சன்னாசி என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தத் தேர்வு சரியா தப்பா என்று என்னைக் கேட்க வந்திருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். ஈப்போவில் இதற்கெல்லாம் மதிப்பெண் போடுகிறவன் நான் ஒருவன்தான். ஆனால் பதில் கொஞ்சம் நீளம்.

நீங்கள் கமுந்திங்கிலிருந்து வந்தவர், எங்கள் பக்கத்து வழக்கம் பழகியிருக்காது. இங்கே நான்கு ஆலைகளுக்குப் பந்து அணி உண்டு. ஆட்டக்காரனுக்கு ஆலையில் வேலை என்று பெயர். அவன் பார்க்கும் வேலை பந்து உதைப்பது. அவனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கண்டால் வழி தவறி வந்துவிட்டான் என்று அர்த்தம். நல்ல ஆட்டக்காரர்கள் தோட்டங்களில்தான் கிடைப்பார்கள். முன்பெல்லாம் ஒரே பையனுக்கு நான்கு ஆலையும் நான்கு லாரி அனுப்பும். ஒரு தடவை தெலுக் இந்தான் பக்கம் ஒருவனைப் பிடிக்கப் போய், இரண்டு கிளப்பு அதிகாரிகள் அடித்துக்கொண்டு ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் சமாதானம் பேசினார்கள். அப்படி வந்ததுதான் முறை எடுப்பது, அதாவது ஆலைகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது.

பொங்கல் கழிந்ததும் தோட்டத்துப் பையன்களை இந்தத் திடலுக்கு வரவழைத்து ஆட விடுவார்கள். போன வருஷம் கடைசியாக வந்த ஆலைக்கு முதல் முறை. ஆட்டம் முடிந்து பையன்கள் வியர்வையோடு வரிசையாக நிற்பார்கள். ஆலையின் ஆள் வந்து ஒருவன் தோளில் கை வைப்பார். வைத்தால் மூன்று வருஷத்துக்கு அவன் அந்த ஆலைக்காரன். என் கல்லூரித் தோழன் ஒருவன் இதை மாட்டுச் சந்தை என்றான். தப்பு. சந்தையில் மாட்டின் பல்லையாவது பார்ப்பார்கள்.

மறுநாளே மற்றப் பத்திரிகைக்காரர்கள் எந்த ஆலை நன்றாக எடுத்தது, எது ஏமாந்தது என்று எழுதிவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே, இந்தத் தம்பதி முப்பது வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று எழுதுகிற மாதிரி. நானும் அன்றைக்கு ஒரு மதிப்பெண் போடுவேன். ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்து, என் மதிப்பெண்ணுக்கே மதிப்பெண் போட்டு எழுதுவேன். கல்லூரி ஆண்டு மலரில் முதல்வரின் சுருட்டைப் பற்றி எழுதி ஒரு தவணை முழுக்க வெளியே நின்றவன் நான். ஒருவரையும் விட்டுவைக்காத பழக்கத்தில் என்னையும் விட்டுவைப்பதில்லை. வாரநாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை; ஆனால் ஞாயிறு பத்திரிகையில் நான் எழுதிய அந்தப் பகுதிக்கு நல்ல பெயர் இருந்தது.

விசாரித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எல்லோரும் ஆட்டக்காரனின் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முட்டி உடைந்து போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் பஸ் நிலையத்தில் போனவர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சுவருக்குச் சுவர் ஆள் இருக்கும் இடத்தில் வளர்ந்த பையன், ஈப்போவில் ஒரு கடைக்கு மேல் தனி அறையில் படுப்பான். பக்கத்து அறையில் யாரும் இருமுவதுகூடக் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் போகும் சுங்காய் பஸ்ஸைப் பார்ப்பான், ஏறிவிடுவான். பிறகு அவனை யாராலும் இறக்க முடியாது. ஆகவே ஒரு தேர்வு நல்லதா என்று பார்க்க வேண்டுமானால், காலைப் பார்க்கக் கூடாது. அவன் தனிமையைத் தாங்குவானா என்று பார்க்க வேண்டும். இது என் கண்டுபிடிப்பு. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

நான் சுங்காய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். உங்களுக்குத் தெரியும், கிராணி வீடு மேட்டில் இருக்கும், சுற்றிக் கம்பி வேலி. கீழே லயத்துப் பிள்ளைகள் ஆடுவதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். கீழே போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஒரு நாள் பந்து உருண்டு எங்கள் வேலிக்குள் வந்துவிட்டது. யாராவது கேட்டு வருவார்கள் என்று பொழுது சாயும்வரை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. கிராணி வீட்டுக்கு வரப் பயந்து, துணியைச் சுருட்டிக் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு யாழ்ப்பாணம் போனார். அக்காமார் சிரம்பானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கல்யாணமாகி இருக்கிறார்கள். புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை வரும். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. என்னை யாராவது முறை எடுத்தால் தனிமைக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

எழுபத்தொன்பதில் உங்கள் ஆலைக்கு முதல் முறை வந்தது. நெடுநெடுவென்று நின்ற பையன்களை எல்லாம் தாண்டிப் போய், சன்னாசியண்ணன் வரிசையின் ஓரத்தில் நின்ற ஒல்லிப் பையனின் தோளில் கை வைத்தார். காலில் சப்பாத்து இல்லை. கொடுத்த சப்பாத்தைக் கழற்றி முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். எங்கள் தோட்டத்துக் காளியம்மாவின் மகன் பத்துமலை. எனக்கு அவனைப் படிக்கட்டிலிருந்து தெரியும். அவனுக்கு என்னைத் தெரியாது.

“சன்னாசியண்ணே, இவன் தீபாவளிக்கு முன்னாலயே வீட்டுக்கு ஓடிருவான்” என்றேன்.

“நீங்க பேப்பர்ல எழுதுங்க தம்பி, நான் வேணாங்கல. அந்த எடக்கால கொஞ்சம் பாருங்க. பந்து அதுல ஒட்டிக்கிட்டு வருது லா.”

நான் எழுதினேன். நூற்றுக்குப் பன்னிரண்டு. அம்மாவை விட்டு ஒரு நாளும் பிரியாத பையன், முதல் முறையை இப்படி வீணாக்கியதற்குக் கிளப்பைப் பாராட்டலாம் என்று எழுதினேன். கிளப்பில் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. அப்போதிருந்த செயலாளர் என்னைக் கூப்பிட்டு, “தனியா இருந்தா ஓடிருவான்னு எழுதுறீங்க. அப்ப ஒங்க ரூம்புலயே வச்சிக்குங்களேன்” என்றார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஐயாவு அண்ணனின் முடிதிருத்தும் கடைக்கு மேல் என் அறை. இரண்டாவது கட்டில் ஒன்று வாங்கிப் போட்டார்கள்.

அவன் வந்த அன்றைக்கே பத்திரிகையைக் கையில் வைத்திருந்தான். கீழே ஐயாவு படித்துக் காட்டியிருக்கிறார்.

“அண்ணே, நம்மளுக்குப் பன்னெண்டுதானா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கண்ண மூடிக்கிட்டுப் போட்டப்பகூட இருவது வாங்கியிருக்கேன் லா.”

“மூன்று வருஷம் கழித்துத் திருத்துவேன்” என்றேன்.

“சரி, அதுவரைக்கும் பன்னெண்டு பத்துமல. பேரு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு என் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அவன் ஓடவில்லை. என் கணிப்பு எங்கே பிசகியது என்று நான் நிதானமாக ஆராய்ந்தேன். அவன் ஓடாதது தனிமையைத் தாங்கியதால் அல்ல. அது அவன் பக்கமே வரவில்லை. இரண்டே வாரத்தில் அந்தத் தெருவில் மாவு மில்காரர், பூக்கட்டும் பாப்பா அக்கா, சீனன் கோப்பிக் கடையின் ஹொக்கியன் கிழவர் எல்லோருக்கும் அவன் ஆள். கிழவரிடம் என்ன மொழியில் பேசினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறைக்கு ஆட்கள் வந்தார்கள். என் கட்டிலில் உட்கார்ந்தார்கள். “அண்ணே, பத்துமல மச்சான் நீங்க எழுதுனத சொல்லிச் சொல்லிச் சிரிக்குது” என்றார்கள். நான் சாயங்காலம் படியேறும்போது மேலே சத்தம் கேட்கும். முதலில் அது எரிச்சலாக இருந்தது. பிறகு, சத்தம் கேட்காத நாளில் படியில் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

அவனுடைய ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கமுந்திங்கிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் ஆலை முதலிடம் வந்தது. அந்தக் கோல்களில் பாதி அந்த இடக்கால் போட்டது. எனக்குத் தெரிந்து ஈப்போவில் எந்த ஆலையும் இதைவிட நல்ல தேர்வு செய்ததில்லை. இதை நான் எழுதவில்லை. மூன்று வருஷம் முடியட்டும் என்றிருந்தேன்.

மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அணியின் ஆள் வந்தார். கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். பத்துமலை படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தான்.

“அண்ணே, கோலாலம்பூருண்ணே. எட்டுப் பேருக்கு ஒரே ஹாலாம். ராவெல்லாம் ஒரே கும்மாளமா இருக்கும் லா.”

“நல்லது.”

“நீங்க லீவுக்கு வாங்க. அப்புறம் அண்ணே, இந்தக் கட்டில ஐயாவு அண்ணன் மச்சானுக்குக் குடுத்துரலாமா? ஒங்களுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு ஆள் என்றால் ஆள்தான். ஒருவர் போனால் இன்னொருவர். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். எட்டுப் பேர் படுத்திருக்கும் இடத்தில் ஒருவன் எவ்வளவு தனியாக இருப்பான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குக் கல்லூரி விடுதியில் தெரியும். அங்கே அவன் இருமினால் யார் எழுந்து சுடுதண்ணீர் வைப்பார்கள்? என் கண்டுபிடிப்பின்படி அவன் அங்கே நிலைக்க மாட்டான். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் பஸ் நிலையத்தில் வீணாவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? அவனுடைய நன்மையை நினைத்தவன் நான் ஒருவன்தான். மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

பத்துமலையை முறை எடுத்தால் மகன் மூன்று வருஷம் பூ மிதிப்பான் என்று காளியம்மா தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கிளப்பில் முதலில் பதறினார்கள். சன்னாசியண்ணன்தான், “வேண்டுதல்னா வேண்டுதல்தான் ஐயா. ஆத்தா கால எடுக்கவா குடுத்தா?” என்று சமாதானப்படுத்தினார். முதல் இரண்டு வருஷமும் மிதித்தான். நானும் போயிருந்தேன். கட்டின காப்பு, மஞ்சள் வேட்டி, உறுமி மேளம்; இவன் ஈரப் புல்லில் போகிறவன் மாதிரி போய் அந்தப் பக்கத்துப் பால்குழியில் இறங்கினான். காலில் ஒரு கொப்புளம் கிடையாது.

நான் அங்கேயும் பார்த்து மதிப்பிடுகிறவன்தான். சுட்டுக்கொள்கிறவர்கள் யார், சுட்டுக்கொள்ளாதவர்கள் யார் என்று கவனித்தேன். நிற்காமல் போகிறவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. தயங்குகிறவன் சுட்டுக்கொள்கிறான். தோட்டத்தில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: விரதம் சுத்தமாக இருந்தவனை நெருப்பு தொடாது, கவுச்சி தின்றவனை விடாது. இரண்டும் ஒன்றுதான். கவுச்சி தின்றவன் தயங்குவான்.

மூன்றாவது வருஷம், எண்பத்திரண்டில், காளியம்மா ஈப்போவுக்கே வந்துவிட்டாள். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மேட்டு வீட்டைப் பார்த்துக் கும்பிட்ட பழக்கம்.

“தம்பி, இவனுக்கு ஊரெல்லாம் சிநேகிதம். எவனாச்சும் ஒட்டுக்கடையில எதையாச்சும் வாயில வச்சிருவான். நீங்க கிராணி ஐயா புள்ள, சைவச் சாப்பாடு தெரிஞ்சவுங்க. இவன் வாயி ஒங்க பொறுப்பு.”

பொறுப்பை நான் ஒழுங்காகச் செய்தேன். புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கினேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து நானே சமைத்தேன். அவனோடு நானும் தரையில் படுத்தேன். வேறு யாரும் மேலே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். விரதம் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு சாயங்காலம் அவன், “ஒங்க ரசம் எங்கம்மா ரசத்தவிட நல்லாருக்குண்ணே, அவகிட்ட சொல்லிறாதீங்க” என்றான். என் வாழ்க்கையில் அந்த நாட்களுக்கு நான் தொண்ணூற்றைந்து போடுவேன்.

ஆகவே அவன் சாப்பாட்டில் நான் எதையும் கலக்கவில்லை. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். விரதம் இருக்கிறவனுடைய சோற்றில் கவுச்சியைக் கலப்பது பாவம். எனக்கும் மனசாட்சி உண்டு.

பூ மிதிக்கிற அன்றைக்குச் சாயங்காலம் ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் வந்தது. செம்பனை நடுவதற்காக வெட்டிப் போட்ட பழைய ரப்பர் மரங்களை எரித்துத் தணலாக்கிப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் பின்னால் ஒரு ஆள், வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டு குழியின் கரைவரை வருவது வழக்கம். அருள் வந்தவன் விழுந்துவிடாமல் இருக்க. காளியம்மா என்னைப் பிடிக்கச் சொன்னாள். அவ்வளவு கூட்டத்தில், லயத்து ஆட்கள் நடுவில், முதல் தடவையாக எனக்கும் ஒரு இடம் இருந்தது. பூசாரி கையைக் காட்டியதும் பத்துமலை முன்னால் போனான். நான் முடிச்சை விடுகிற சமயத்தில் அவன் காதருகே குனிந்து சொன்னேன்.

“பத்து, நேத்து கொழம்புல ஐயாவு வீட்டுக் கருவாட்டுக் கரண்டி பட்டுருச்சிடா. எனக்குப் பெறகுதான் தெரிஞ்சிச்சி.”

அது பொய். ஆனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

அவன் கால் அதற்குள் தணலில் இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் போனான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். நடுவில் நின்றான். பயந்து நின்றான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவ்வளவு மேளத்தில் சரியாகக் கேட்டதா, நிஜமாகத்தான் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் திரும்பினான். நான் தலையை இப்படி இப்படி ஆட்டியிருந்தால், இல்லையடா, போ என்று அர்த்தமாகி, அவன் போயிருப்பான். அப்போதும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அவன் என் சொல்லை நம்புகிறவன்.

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அப்புறம் அவனுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அசுத்தத்தோடு அம்மன் பக்கம் போகவும் மனம் வரவில்லை, திரும்பி வரவும் கூடாது. அங்கேயே கும்பிட்டபடி நின்றான். முதலில் ஓடிப் போய் இழுத்தவன் நான்தான். பாருங்கள், இந்தக் கையில் தழும்பு. கிராணி மகன் நெருப்பில் கை வைத்தான் என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களாம்.

இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். உள்ளங்கால் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், பாதிதான் பிடித்தது. தோட்டத்தில் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பந்துக்காரன் விரதத்தில் கவுச்சி தின்றிருக்கிறான். பூசாரி ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். கரண்டியைப் பற்றிச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“நாந்தான் பூசாரி. ஒட்டுக்கடையில பொரிச்ச மீனு. ஆச அடக்க முடியல” என்றான் பத்துமலை. என்னைப் பார்க்காமல் சொன்னான்.

பூசாரி போனதும், “ஒங்க பேருக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுண்ணே. நீங்க தெரியாமத்தான செஞ்சீங்க” என்றான். ஒருவன் இன்னொருவனுக்காக இப்படிச் சொல்வான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

காளியம்மா கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு வந்து மகனைக் கூட்டிப்போகிறேன் என்றாள். லயத்தில் ஒவ்வொருத்தி பார்க்கும் பார்வையில் அவன் புண் ஆறாது என்று எடுத்துச் சொன்னேன், அது உண்மையும்கூட. அழுதுகொண்டே போய்விட்டாள். சிநேகிதர்கள் ஆரம்பத்தில் வந்தார்கள். டாக்டர் கூட்டம் கூடாது என்றிருக்கிறார் என்று கீழேயே சொல்லி அனுப்பினேன். டாக்டர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எங்கள் படிக்கட்டு செங்குத்து; அவனால் இறங்க முடியாது. அதனால் மேலேயே இருக்கிறான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று வருஷம் கழித்துப் பார்த்து எழுதுவது என் முறை. எழுபத்தொன்பதில் சன்னாசியண்ணன் செய்த தேர்வுக்கு நான் போட்ட பன்னிரண்டு தவறு. திருத்திய மதிப்பெண் தொண்ணூறு. பத்தைக் குறைத்தது கிளப்பு அவனை என் அறையில் கொண்டுவந்து போட்டதற்காக. அந்தக் கிழவரின் கண்ணில் குறை என்று சொல்லி அவரை நிறுத்துவது மோசமான மதிப்பீடு, தம்பிமுத்து ஐயா. ஆட்டக்காரனின் கால் கெட்டது வேறு ஒருவன் செய்த வேலை. அந்த ஒருவன் நான். சன்னாசியண்ணனை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? போலீசுக்குப் போவதானால் போகலாம். அவர்கள் வந்து பத்துமலையைத்தான் கேட்பார்கள். மீன் தின்றேன், நெருப்பில் நானாகத்தான் நின்றேன் என்று அவன் சொல்வான். நான் சொன்னது ஒரு வாக்கியம், செய்தது ஒரு தலையசைப்பு. அதற்குச் சட்டத்தில் பிரிவு இருந்தால் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

ஆலை வாசலில் அவனுக்குக் காவல் காக்கும் ஜாகா வேலை கொடுத்து, கீழ்த்தளத்தில் ஒரு வீடும் தருவதாக நேற்று ஆள் அனுப்பியிருந்தீர்கள். நல்ல மனசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் முன்னைப்போலப் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பேச்சு எப்போதும் பெரிய விஷயமில்லை. நான் கடைக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், திரும்பிப் படியேறி வரும்போது அவன் கட்டிலில் சாய்ந்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னை எதிர்பார்த்து ஒருவர் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.